நடுமூளையில் ஒரு வெள்ளைத் திட்டு

பார்க்கின்சன் நோய் இருக்கிறதா இல்லையா என்பதை இன்றைக்கும் மருத்துவர் கண்ணாலும் கையாலும்தான் முடிவு செய்கிறார். நடந்து வரும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறதா, மடியில் சும்மா வைத்த கை தானாக நடுங்குகிறதா, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் போகப் போக வேகமும் வீச்சும் குறைகிறதா, மணிக்கட்டை மடக்கி நீட்டினால் விறைப்புத் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார். பிறகு லெவோடோபா மாத்திரை கொடுத்து உடம்பு எப்படி இசைகிறது என்று கவனிக்கிறார். சாதாரண எம்ஆர்ஐ எடுத்தால் பெரும்பாலும் ‘நார்மல்’ என்றுதான் வரும். வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்து கொள்ளவே அதை எடுக்கிறார்கள்.

இந்தக் கண்ணும் கையும் எத்தனை தடவை ஏமாறுகின்றன? லண்டன் மூளை வங்கியில் 1992-இல் செய்த ஆய்வு ஒரு கணக்குச் சொன்னது. உயிரோடு இருந்தபோது பார்க்கின்சன் என்று முடிவுசெய்யப்பட்ட 100 பேரின் மூளையை இறந்தபின் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 76 பேருக்கே அந்த நோய் இருந்தது. மற்றவர்களில் பலருக்குப் பல்மண்டலச் சிதைவு, மேல்கருச் செயலிழப்பு போன்ற ‘பார்க்கின்சன் போன்ற’ நோய்கள். அவற்றின் போக்கும் வேறு, மருந்துக்கு அவை காட்டும் இசைவும் வேறு. 2016-இல் இதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் சரியான முடிவு 80 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஐந்தில் ஒன்று தவறுகிறது. தொடக்க நிலையில், அறிகுறிகள் அரைகுறையாக இருக்கும்போது, தவறு இன்னும் கூடும். அதனால்தான் வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும் என்ற தேடல் ஓயாமல் நடக்கிறது. அந்தத் தேடலில் கிடைத்தவற்றுள் மிக மலிவானதும் அதிகம் சர்ச்சைக்கு உள்ளானதும் மண்டையோட்டின் வழியே எடுக்கும் அல்ட்ராசவுண்ட்.

மண்டையோட்டுக்குள் ஒலியைச் செலுத்திப் பார்க்கும் ஆசை புதிதல்ல. ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் கார்ல் டுசிக் 1942-லேயே மூளையின் நீரறைகளைக் கேளா ஒலியால் படமாக்கியதாக எழுதினார். பத்தாண்டு கழித்துப் பார்த்தால், அந்தப் படங்களில் இருந்தது மூளையே அல்ல, மண்டையோட்டு எலும்பு ஒலியை விழுங்கியதால் வந்த நிழல்கள். அல்ட்ராசவுண்டுக்கு எலும்புதான் பரம எதிரி. 1950-களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் லார்ஸ் லெக்செல், அடிபட்டவர்களின் மூளை நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் எதிரொலியால் அளந்தார். சிடி ஸ்கேன் வந்ததும் அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. 1982-இல் ரூன் ஆஸ்லிட் பொட்டெலும்பின் மெல்லிய பகுதி வழியாக மூளை இரத்தக் குழாய்களின் ஓட்டத்தை டாப்ளரால் அளக்க வழி கண்டார். 1990-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பூர்க் நகரில் உல்ரிச் போக்டானின் குழு அதே வழியில் மூளையையே படமாகப் பார்த்தது.

அந்தக் குழுவில் இருந்தவர் கெயோர்க் பெக்கர்.  1995-இல் 30 பார்க்கின்சன் நோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் ஆரோக்கியமானவர்களையும் ஸ்கேன் செய்தார். நோயாளிகளில் 17 பேருக்கு நடுமூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா எனப்படும் கரும்பொருள் பகுதி வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. டோபமின் சுரக்கும் நரம்புச் செல்கள் இருப்பது அங்கேதான். பார்க்கின்சனில் அழிவதும் அந்தச் செல்கள்தான் என்று 1919-இலேயே பாரிஸில் கான்ஸ்டான்டின் திரெத்தியாகோஃப் காட்டியிருந்தார். எம்ஆர்ஐயே தடுமாறிய இடத்தில் இந்தக் குறைந்த துல்லியக் கருவி எப்படி எதையோ பிடிக்கும் என்று பலர் நம்பவில்லை. 2002-இல் ரோஸ்டாக் நகரில் உவே வால்டரின் குழு தனியாகச் செய்து அதையே கண்டது. அதற்குப் பிறகுதான் மற்ற இடங்களிலும் இதில் இறங்கினார்கள்.

ஸ்கேன் எடுக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பின்னால் வரும் சண்டைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. நோயாளி மல்லாந்து படுக்கிறார். அறை விளக்கைத் தணிக்கிறார்கள். காதுக்குச் சற்று முன்னால், நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, பெரியவர்களின் இதயத்துக்கு எக்கோ எடுக்கும் அதே வகை புரோபை வைக்கிறார்கள். அதிர்வெண் 2 முதல் 3.5 மெகாஹெர்ட்ஸ், ஆழம் 14 முதல் 16 சென்டிமீட்டர். எலும்பின் மெல்லிய இடம் அகப்படும்வரை புரோபை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திச் சாய்க்க வேண்டும். அகப்பட்டதும், வெளுத்துத் தெரியும் நீர்த்தொட்டிகளுக்கு நடுவே நடுமூளை கருமையாக, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல எழும்பும். ஒவ்வொரு சிறகுக்குள்ளும் சாய்வாகக் கிடப்பது கரும்பொருள். ஆரோக்கியமானவரிடம் அது ஒன்றும் தெரியாமல் இருக்கும், அல்லது மெல்லிய கீற்றாகத் தெரியும். மிகை எதிரொலி இருந்தால் வெள்ளைத் திட்டு. படத்தை உறையவைத்து, டிராக்பாலை உருட்டித் திட்டின் விளிம்பைக் கையால் வரைந்து பரப்பளவை எடுக்கிறார்கள். 0.20 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போனால் மிகை, 0.25-ஐத் தாண்டினால் தெளிவான மிகை என்பது பலர் கையாளும் வரம்பு. இரண்டு பக்கமும் தனித்தனியே பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கை நடுக்கத்தால் எம்ஆர்ஐ குழாய்க்குள் அசையாமல் இருக்க முடியாதவரையும் இதில் பார்த்துவிடலாம்.

0.20-க்கும் 0.25-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு மிளகின் பரப்புகூட இல்லை. அதைக் கையால் வரைகிறோம். கருவியின் ‘கெயின்’ திருகை ஒரு சுற்று கூட்டினால் திட்டின் விளிம்பு வீங்கும். வேறு கம்பெனிக் கருவியில் எடுத்தால் அளவு மாறும். ஆகவே வரம்பு என்பது கருவிக்குக் கருவி வேறு. ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவியில், தன் ஊர் ஆரோக்கியமானவர்களை அளந்து, அவர்களில் மேல்பத்தில் ஒரு பங்கினர் எங்கே தொடங்குகிறார்கள் என்று வரம்பை வகுத்துக்கொள்ள வேண்டும். செக் நாட்டின் ஷ்கோலவுடிக் குழு கை வரைதலை விட்டுவிட்டுக் கணினியே எதிரொலியை அளக்கும்படி செய்ததற்கும் காரணம் இதுதான்.

அந்த வெள்ளைத் திட்டு எதைக் காட்டுகிறது? பெக்கர் தன் 1995 கட்டுரையின் தலைப்பிலேயே கரும்பொருளின் சிதைவைக் கண்டதாகச் சொன்னார். அது இயல்பான ஊகம். செல்கள் சாகின்றன, அந்த இடம் வெளுக்கிறது என்று நினைத்தார்கள். ஆனால் அவருடைய மாணவி டேனியலா பெர்க் நோயாளிகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, நோய் முற்றிக்கொண்டே போனது, திட்டின் அளவு மட்டும் மாறவில்லை. நோயின் கடுமைக்கும் திட்டின் பரப்புக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. அதைவிட விசித்திரம் வேறொன்று. எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்களிலும் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் அதே திட்டு இருந்தது. சிதைவைக் காட்டும் படமாக இருந்தால் இப்படி இருக்க வழியில்லை.

விளக்கம் இரும்பில் கிடைத்தது, முழுமையாக இல்லாவிட்டாலும். எலியின் கரும்பொருளுக்குள் இரும்பைச் செலுத்தினால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. இறந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்துவிட்டு வேதியியல் முறையில் அளந்தபோது, வெளுப்புக் கூடிய இடத்தில் இரும்பும் கூடியிருந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் கரும்பொருளில் இரும்பு மிகுவது முன்பே தெரிந்ததுதான். இந்தச் சேர்மானம் பிறப்பிலேயே, அல்லது சிறு வயதிலேயே அமைந்துவிடும் ஒரு தன்மை என்று பெர்க்கின் வட்டத்தினர் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட கரும்பொருள் தாக்குதலை எளிதில் தாங்காது. இதற்கு ஒரு நல்ல சான்று மனநல மருத்துவமனையிலிருந்து வந்தது. மனநோய்க்கான மருந்துகள் சிலருக்குக் கை நடுக்கத்தையும் விறைப்பையும் வரவழைக்கும். 93 நோயாளிகளைப் பார்த்ததில், திட்டு பெரிதாக இருந்தவர்களுக்கே அந்தப் பக்கவிளைவு கடுமையாக இருந்தது. ஆக இந்த ஸ்கேன் காட்டுவது நோயை அல்ல, நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகை. இதை மனதில் இருத்திக்கொண்டால், அடுத்து வரும் முரண்பட்ட எண்கள் பாதியளவு தெளிவாகிவிடும்.

அந்த எண்களில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 2008-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரக் குழு, பார்க்கின்சனா வேறா என்று தெரியாத தொடக்க நிலை நோயாளிகள் 60 பேரை ஸ்கேன் செய்து, ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து, கடைசியில் வந்த முடிவோடு ஒப்பிட்டது. ஸ்கேன் எடுத்தவருக்கும் நோயைப் பரிசோதித்தவருக்கும் ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன் 90.7 சதவீதம், இல்லாதவரை விலக்கும் திறன் 82.4 சதவீதம். 2013-இல் நெதர்லாந்தில் அதேபோன்ற ஐயத்துக்குரிய நோயாளிகள் 196 பேரை வைத்துச் செய்தார்கள். முதல் திறன் 40 சதவீதம், இரண்டாவது 61 சதவீதம். ஒரு சோதனையின் இந்த இரண்டு திறன்களையும் கூட்டினால் 100 வந்தால், அந்தச் சோதனை எதையுமே சொல்லவில்லை என்று அர்த்தம். ட்யூபிங்கனில் கூட்டுத்தொகை 173, நெதர்லாந்தில் 101.

ஒரே சோதனை, ஒரே கேள்வி, இவ்வளவு தூரம். கைத்திறனும் கருவியும் ஒரு காரணம். இந்தச் சோதனையைப் பிறக்கவைத்து வளர்த்த இடங்களில் வருடக்கணக்காக இதையே செய்பவர்கள் எடுக்கும் படத்தை, புதிதாகக் கற்றுக்கொண்டவர் எடுக்கும் படத்தோடு வைத்துப் பார்க்க முடியாது. மற்றொரு காரணம் ஒப்பீட்டுக்கு வைத்த அளவுகோல். இரண்டு ஆய்வுகளிலும் ‘உண்மை’ என்று கொண்டது பெரும்பாலும் மருத்துவரின் பின்னாளைய முடிவைத்தான், மூளை வங்கியின் நுண்ணோக்கியை அல்ல. ஐந்தில் ஒன்று தவறும் அளவுகோலால் இன்னொன்றை அளக்கிறோம். மூன்றாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த ஸ்கேனின் பெருமை பேசும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஐந்தாறு வருடம் பார்க்கின்சனோடு வாழ்ந்தவர்களையும் முழு ஆரோக்கியமானவர்களையும் எதிரெதிரே நிறுத்தியவை. அதில் 85, 90 என்று எண்கள் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியோடு யாரும் மருத்துவரிடம் வருவதில்லை. நடுங்கும் இரண்டு கைகளில் எது பார்க்கின்சன் என்பதுதான் அங்கே கேள்வி.

நிபுணர் குழுக்களும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. 2013-இல் ஐரோப்பிய நரம்பியல் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் இந்த ஸ்கேனுக்குத் தன் மிக உயர்ந்த தரப் பரிந்துரையைக் கொடுத்தது. இரண்டே வருடம் கழித்து, 2015-இல் உலக இயக்கக் கோளாறுகள் சங்கம் பார்க்கின்சனை முடிவுசெய்யும் விதிகளைத் திருத்தி எழுதியபோது, துணைச் சான்றுகளின் பட்டியலில் மோப்பத் திறன் இழப்புக்கும் இதய நரம்பு ஸ்கேனுக்கும் இடம் கொடுத்தது. அல்ட்ராசவுண்டுக்கு இடமில்லை. எனக்கு இரண்டாவது முடிவே நியாயமாகப் படுகிறது.

ஆனால் அதே சங்கம், அதே ஆண்டில், நோய் வெளிப்படுவதற்கு முந்திய நிலையைக் கணிக்க வகுத்த விதிகளில் இதே ஸ்கேனைச் சேர்த்துக்கொண்டது. தன்மையைக் காட்டும் சோதனைக்கு உரிய இடம் அதுதான். அந்த விதிகளின் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ட்யூபிங்கன், ஹோம்பூர்க், இன்ஸ்ப்ரூக் ஆகிய மூன்று இடங்களில் 50 வயதுக்கு மேற்பட்ட 1,847 பேரை எடுத்துக்கொண்டு 37 மாதம் தொடர்ந்தார்கள். அதற்குள் 11 பேருக்குப் புதிதாகப் பார்க்கின்சன் வந்தது. திட்டு இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 17 மடங்கு. செய்தித்தாளில் வந்தால் திகில்தான். ஆனால் 17 மடங்கு என்பது எதன் மடங்கு? மிகச் சிறிய ஒன்றின் மடங்கு. திட்டு இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மூன்று வருடத்தில் நோய் வராமலே இருந்தார்கள்.

2019-இல் திருத்திய விதிகளின்படி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 முதல் 69 வயதுக்குள் இருக்கும் ஒருவருக்குப் பார்க்கின்சன் உள்ளுக்குள் தொடங்கியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2. அவருக்கு ஸ்கேனில் திட்டு தெரிந்தால் அதற்கான பெருக்கெண் 3.4 (இது பெருக்குவது சதவீதத்தை அல்ல, நோய் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதத்தை). வாய்ப்பு நூற்றுக்கு ஆறரை ஆகிறது. தெரியாவிட்டால் பெருக்கெண் 0.38. வாய்ப்பு ஒன்றுக்கும் கீழே போகிறது. ஆறரை சதவீதத்துக்காக ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பதா? மாஸ்டர் ஹெல்த் செக்கப் பொட்டலத்தில் இதையும் சேர்த்து விற்க யாராவது கிளம்பினால் அது வியாபாரம், மருத்துவம் அல்ல. தடுக்கும் மருந்து கையில் இல்லாத நோய்க்கு ஆரோக்கியமானவர்களைச் சல்லடை போட்டு என்ன செய்வது?

இதே ஸ்கேன் வேறொரு ஆளிடம் வேறு மாதிரி பேசும். தூக்கத்தில் கனவைக் கைகாலால் நடித்துக் காட்டி, பக்கத்தில் படுத்தவரை உதைக்கும் ஒரு கோளாறு உண்டு. கனவுத் தூக்கத்தில் தசைகள் தளராததால் வருவது. இரவுத் தூக்க ஆய்வில் இது உறுதியானால் விதிகள் தரும் பெருக்கெண் 130. அதே 65 வயதுக்காரரின் வாய்ப்பு 2-லிருந்து 73 சதவீதத்துக்குத் தாவுகிறது. அதன்மேல் ஸ்கேனிலும் திட்டு தெரிந்தால் 90. விதிகள் ‘அநேகமாக’ என்று சொல்ல வைத்திருக்கும் கோடு 80. இந்தக் கோட்டைத் தாண்ட வைத்தது ஸ்கேன்தான், ஆனால் தாண்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது தூக்கக் கோளாறு. பார்சிலோனாவில் இப்படிப்பட்ட 43 பேரை அல்ட்ராசவுண்டாலும் டோபமின் கடத்திகளைக் காட்டும் ஸ்கேனாலும் பார்த்து இரண்டரை வருடம் தொடர்ந்தார்கள். எட்டுப் பேருக்குப் பார்க்கின்சனோ அதைச் சேர்ந்த நோய்களோ வந்தன. அந்த எட்டுப் பேருக்கும் தொடக்கத்திலேயே இரண்டு ஸ்கேன்களில் ஒன்றாவது மாறுபட்டிருந்தது.

ஐரோப்பிய எண்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொட்டெலும்பு ஒலிக்கு வழிவிட வேண்டும். ஐரோப்பியர்களில் ஐந்து முதல் பத்து சதவீதம் பேருக்கு அது வழிவிடுவதில்லை. கிழக்கு ஆசியாவில் செய்த ஆய்வுகளில், அதுவும் வயதான பெண்களிடம், இந்த விகிதம் பல மடங்கு ஏறுகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் உள்ளமைப்பு மாறுவதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பார்க்கின்சன் முதுமையில் வரும் நோய். சோதனை யாருக்குத் தேவையோ அவர்களிடமே அது அடிக்கடி கைவிரிக்கிறது. எக்கோ கருவி இல்லாத இதய மருத்துவமனை தமிழ்நாட்டில் இல்லை என்பதால் இதை எங்கும் தொடங்கிவிடலாம் என்று சொல்லத் தோன்றும். கருவி கிடைக்கும், உண்மைதான். நம் மக்களின் எலும்பையும் திட்டின் இயல்பான அளவையும் அந்தந்த ஆய்வகம் முதலில் அளந்து வைத்திருக்க வேண்டும்.

போட்டியாளர்களும் நிற்கவில்லை. டோபமின் கடத்திகளைக் கதிரியக்கத்தால் காட்டும் டாட் ஸ்கேனை அமெரிக்கா 2011-இல் ஏற்றது. நம் நாட்டில் ட்ரோடாட் என்ற வகையைப் பல இடங்களில் எடுக்கிறார்கள். அது செல்கள் குறைந்திருப்பதையே காட்டுவதால், சாதாரண நடுக்கத்தையும் மருந்தால் வந்த நடுக்கத்தையும் பார்க்கின்சனிலிருந்து பிரிப்பதில் அல்ட்ராசவுண்டைவிட உறுதியானது. பார்க்கின்சனையும் பல்மண்டலச் சிதைவையும் பிரிக்கச் சொன்னால் அது திணறும், இரண்டிலும் செல்கள் குறைகின்றனவே. விலையும் அதிகம். அல்ட்ராசவுண்டுக்கு அங்கே ஒரு சிறு வாய்ப்பு உண்டு. கரும்பொருள் இயல்பாக இருந்து, லெண்டிக்குலர் கரு வெளுத்துத் தெரிந்தால் பார்க்கின்சன் அல்லாத பக்கம் சாயலாம். அதோடு மூன்றாம் நீரறையும் 10 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் மேல்கருச் செயலிழப்பை நினைக்க வேண்டும். ஒரே அமர்வில் இத்தனையும் பார்க்கலாம் என்பதை இந்த முறையின் எதிரிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆல்ஃபா-சைனூக்ளின் விதைச் சோதனையோ நோயை உண்டாக்கும் புரதத்தையே தண்டுவட நீரில் தேடுகிறது. 2023-இல் வெளியான ஆய்வில் 1,123 பேரிடம் செய்ததில் பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேரைப் பிடித்தது. முதுகில் ஊசி குத்தாமல் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ அதைச் செய்ய முடிந்துவிட்டால், அல்ட்ராசவுண்டின் வேலை இன்னும் சுருங்கும்.

அதுவரை இதைக் கேட்டு வாங்குகிற நரம்பியல் மருத்துவர் அறிக்கையில் சில வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். எந்தக் கருவி, அந்தக் கருவிக்கு அந்த ஆய்வகத்தின் வரம்பு என்ன, வலப்பக்கமும் இடப்பக்கமும் எத்தனை சதுர சென்டிமீட்டர், எலும்பு வழி எவ்வளவு தெளிவு. இவை இல்லாமல் ‘கரும்பொருள் இயல்பு’ என்று ஒற்றை வரி வந்தால் அதைத் திருப்பி அனுப்புவதே சரி. ஒலி உள்ளே போகாததால் ஒன்றும் தெரியாமல் இருந்த பக்கத்தை, திட்டு இல்லாத பக்கம் என்று எழுதிவிடுவதுதான் இந்தச் சோதனையில் மிக எளிதாக நேரக்கூடிய பிழை. அந்தப் பக்கத்துக்கு ‘பார்க்க இயலவில்லை’ என்றே எழுத வேண்டும்.